மரபணு திருத்திய நெல்... கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகத்துக்கு ஏற்றதா?

'கத்தரிக்கோல் வைத்து மரபணுவை வெட்டிய நெல் வருகிறதாமே, போடலாமா?' - உத்தமபாளையம் பகுதி விவசாயிகளிடம் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது.

2025-ம் ஆண்டு மே 4-ம் தேதி, மரபணு திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் டெல்லியில் அறிவித்தார். ஒன்று, ஹைதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'டி.ஆர்.ஆர். தான் 100' என்ற கமலா. மற்றொன்று, டெல்லி பூசா நிறுவனத்தின் 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1'. இது உவர், களர் நிலங்களுக்கானது. நம் பகுதிக்குப் பொருந்திப் பார்க்க வேண்டியது கமலாதான்.

என்ன செய்திருக்கிறார்கள்?

கமலாவின் தாய் ரகம், நாம் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பி.பி.டி. 5204. கதிரில் மணி பெருக உதவும் 'சைட்டோகைனின்' என்ற வளர்ச்சி ஊக்கியைச் சிதைக்கும் நொதி நெற்பயிரிலேயே உண்டு. அந்த நொதிக்கான மரபணுவைத் திருத்தி, அதன் வேலையைக் குறைத்திருக்கிறார்கள். ஊக்கி மிஞ்சுவதால் கதிரில் மணிகள் கூடுகின்றன.

பி.டி. பருத்தியில் மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்டது. கமலாவில் வெளி மரபணு எதுவும் இல்லை என்கிறது ஆராய்ச்சி நிறுவனம். இத்தகைய திருத்தங்களுக்கு, மரபணு மாற்றுப் பயிருக்கான கடும் விதிகளில் இருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது.

நம் தண்ணீர்க் கணக்கு

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோகம் விளையும் 14,707 ஏக்கரில், 11,807 ஏக்கர் உத்தமபாளையம் வட்டத்தில்தான் இருக்கிறது. அணையில் நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 1-ம் தேதி திறந்து, முதல் போகத்துக்கு 120 நாட்கள் தண்ணீர் விடுவது வழக்கம்.

பி.பி.டி.யின் வயது சுமார் 150 நாட்கள். கமலாவுக்கு 130 நாட்கள் என்கிறார்கள். அறுவடைக்கு 10 நாட்கள் முன்பே தண்ணீரை வடித்துவிடுவோம் என்பதால், திறந்த உடனே நாற்று பாவினால் கமலா 120 நாளுக்குள் அடங்கும். ஐப்பசி மழைக்குள் கதிர் சிக்காது. இரண்டாம் போகமும் தள்ளிப்போகாது.

விளைச்சலில் பி.பி.டி.யைவிட 19 சதவிகிதம் கூடுதல் என்பது அறிவிப்பு. சோதனை வயல்களின் சராசரியை ஏக்கருக்கு மாற்றினால், 60 கிலோ மூட்டையில் 30 என்பது 36 ஆகிறது. ஆனால், இது பி.பி.டி.யோடு ஒப்பிட்ட கணக்கு. 120, 125 நாள் ரகம் போட்டு ஏற்கெனவே 36 மூட்டைக்கு மேல் எடுப்பவருக்கு, இந்த எண்ணில் லாபம் எதுவும் இல்லை.

எதிர்க்குரல்

சோதனைத் தரவுகள் இந்த முடிவுகளுக்கு ஆதாரமாக இல்லை என்று மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்க்கும் கூட்டமைப்பு குற்றம்சாட்டியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அதை மறுத்தது. அடுத்த கேள்வி, உரிமை. திருத்தப் பயன்படுத்திய 'கிரிஸ்பர்' தொழில்நுட்பத்தின் காப்புரிமை வெளிநாட்டவர் கையில் இருக்கிறது. 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, அறுவடையில் விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பக்கத்து வயல்காரரோடு மாற்றிக்கொள்ளவும் நமக்கு உரிமை உண்டு. இந்த உரிமை இந்த ரகங்களுக்கும் தொடரும் என்பதை அரசு எழுத்தில் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

* 'கமலா விதை' என்று யாராவது மூட்டை நீட்டினால், சான்று விதைக்கான நீல அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையும் ரசீதும் இல்லாத விதையை வாங்காதீர்கள்.
* விதை கிடைத்தாலும் முதல் முறை 10 சென்டுக்கு மேல் வேண்டாம். பக்கத்திலேயே உங்கள் வழக்கமான ரகத்தை நட்டு, வயது, மூட்டை, வியாபாரி தரும் விலை மூன்றையும் எழுதி வையுங்கள்.

வாசகர் கேள்வி

*'திசு வளர்ப்பு ஜி-9 வாழையும் மரபணு மாற்றியதுதானா?'*

இல்லை. தாய் வாழையின் குருத்துத் திசுவை ஆய்வகத்தில் பெருக்கிய கன்று அது. மரபணுவில் யாரும் கை வைப்பதில்லை. ஆகவே, தாய்க்கு உள்ள குணமே கன்றுக்கும். கன்று நோயில்லாமல் வந்தாலும், மண்ணில் வாடல் பூஞ்சணம் இருந்தால் தாக்கவே செய்யும். வாடல் கண்ட வயலில் வாழையை நிறுத்தி, நெல் போட்டுத் தண்ணீர் கட்டுவதே நல்லது.