ரெஃபரல் கேட்பது எப்படி: ராமானுஜன் உதாரணம்

"அண்ணா, உங்க கம்பெனியில ஒரு ரெஃபரல் போட முடியுமா?" என்று முன்பின் தெரியாத தம்பிகள் லிங்க்டுஇன்னில் கேட்கிறார்கள். போடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் படிவத்தில் பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கும்: இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் கை நின்றுவிடுகிறது.

திருவல்லிக்கேணியில் குடியிருந்த ராமானுஜன் எஃப்.ஏ. தேறாதவர். வேலை தேடி, இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயரிடம் போனபோது கையில் கொண்டுபோனது கணக்கு நோட்டுப் புத்தகம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். 1912 பிப்ரவரியில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் கடிதமும் கூடவே போனது. அதில் இருந்தது ராமானுஜனின் கணிதத் திறமை பற்றிய சாட்சி. போர்ட் டிரஸ்டுக்குள்ளே இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். மார்ச் 1 முதல் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய்.

ஆகவே ரெஸ்யூமேவை மட்டும் அனுப்பாதீங்க. வேலை எண், நீங்க எழுதிய ஒரு புரோகிராமின் சுட்டி, அதில் எது கஷ்டமாக இருந்தது என்று மூன்று வரி. படித்தால் எனக்கும் அந்தப் படிவத்தில் நேர்மையாக எழுத ஏதாவது கிடைக்கும். ரெஃபரல் உங்க ரெஸ்யூமேவை ஒருவர் திறந்து பார்க்க வைக்கும், அவ்வளவுதான். இன்டர்வியூ உங்க பாடு.