பழைய பாட்டுக்குப் புதுப் பணம்

ஓர் இசைக்குழு பல ஆண்டுகளாகப் பாடிப் பெயர் வாங்கிய பாடல்களையெல்லாம் ஒரே தட்டில் திரட்டி மறுபடியும் விற்பது இசைத்தட்டுக் கம்பெனிகளின் நெடுநாள் வழக்கம். முன்பே வாங்கியவர்கள் முணுமுணுப்பார்கள், வாங்காதவர்கள் சந்தோஷப்படுவார்கள், வியாபாரம் தன் போக்கில் நடந்துகொண்டே இருக்கும். இந்த வழக்கம் வீடியோ கேம் உலகத்தையும் விட்டுவைக்கவில்லை. 2009 ஜூன் மாதத்தில் ஆக்டிவிஷன் நிறுவனம், தன்னுடைய ‘கிட்டார் ஹீரோ’ வரிசையில் முன்னர் வெளிவந்த ஐந்து விளையாட்டுகளிலிருந்து 48 பாடல்களைப் பொறுக்கியெடுத்து, வட அமெரிக்காவில் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்றும் ஐரோப்பாவில் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்றும் பெயர் சூட்டி வெளியிட்டபோது, இது பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றித் தருகிற காரியந்தானா, அல்லது பணம் கொடுத்து வாங்குவதற்கு இதில் தனியே ஏதேனும் விசேஷம் உண்டா என்ற விவாதம் எழுந்தது. பழைய கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் அந்தத் தட்டு இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதால், அந்தக் கேள்விக்கு இன்றும் உயிர் இருக்கிறது.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு அதன் முறையைச் சொல்லிவிடுவது நல்லது. கையில் பிளாஸ்டிக்கினால் ஆன ஒரு சிறிய கிட்டார். அதன் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள். தந்திகள் இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழும் அசைகிற ஒரு பட்டை. திரையில் ஒரு நீண்ட பாதை நம்மை நோக்கி நகர்ந்து வர, அதில் வரும் வண்ணக் குமிழ் கீழ்க்கோட்டைத் தொடுகிற கணத்தில், இடக்கை விரல் அதே நிறப் பொத்தானை அழுத்தியிருக்க, வலக்கை பட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டில் கிட்டாரின் நாதம் ஒலிக்கும். தவறினால், பாடகரும் தாளமும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்க, கிட்டார் மட்டும் சட்டென்று ஊமையாகிவிடும். வாசிப்பது நாம்தான் என்கிற பிரமையை உண்டாக்குகிற சூட்சுமம் இந்த மௌனத்தில்தான் அடங்கியிருக்கிறது. நட்சத்திர வடிவக் குமிழ்களைப் பிழையின்றி வாசித்துச் சக்தி சேர்த்துக்கொண்டு, கிட்டாரை நெட்டுக்குத்தாக உயர்த்தினால் மதிப்பெண் இரட்டிப்பாகும் என்பதும், மேடைக் கலைஞனின் மிடுக்கை வீட்டுக் கூடத்தில் நிற்பவனுக்கும் அளிப்பதற்காகவே செய்த ஏற்பாடு.

ஜப்பானிய கொனாமி நிறுவனத்தின் ‘கிட்டார் ஃப்ரீக்ஸ்’ என்ற விளையாட்டுக்கூட இயந்திரம் 1990-களின் இறுதியிலேயே இத்தகைய வாசிப்பை அறிமுகப்படுத்திவிட்டது. ஆயினும் மேலைநாட்டு வீடுகளுக்குள் அதைக் கொண்டுசேர்த்தது, நடன விளையாட்டுகளுக்குக் கால்விரிப்புகள் செய்து விற்றுவந்த ரெட் ஆக்டேன் என்ற சிறு நிறுவனமும், இசை விளையாட்டுகளில் தேர்ந்த ஹார்மோனிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட முதல் ‘கிட்டார் ஹீரோ’. அப்போது அவர்களிடம் பணமும் குறைவு, பெயரும் இல்லை. ஒரு பாட்டை இத்தகைய விளையாட்டில் சேர்க்க வேண்டுமானால், பாட்டை இயற்றியவரின் உரிமை ஒன்று, அதன் ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று என இரண்டு அனுமதிகள் தேவை. அதற்கும் மேலாக, தவறு செய்யும்போது கிட்டாரை மட்டும் மௌனமாக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே பிரிந்து கிடக்கிற மூலப் பதிவும் கைக்கு வர வேண்டும். இவையெல்லாம் எளிதில் கிடைக்காதபடியால், முதல் விளையாட்டின் பிரதானப் பாடல்களில் பெரும்பாலானவை வேறு கலைஞர்களை வைத்து அசலைப் போலவே பாடி வாசித்துப் பதிவு செய்யப்பட்ட நகல்களாகவே அமைந்தன. கேட்டுப் பழகிய குரலுக்குப் பதிலாக அதன் சாயலுள்ள வேறொரு குரல் ஒலித்ததை, விரல்களின் சுவாரசியத்தில் மூழ்கியிருந்த ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

கனடாவின் கியூபெக் நகரைச் சேர்ந்த பீனாக்ஸ் நிறுவனம் தயாரித்த ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ தனக்கென்று உரிமை கொண்டாடக்கூடிய புதுமை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. நகல்கள் நீங்கி, மூலக் கலைஞர்களின் பதிவுகளே இடம்பெற்றன. முன்பு கிட்டாருக்கு மட்டும் எழுதப்பட்டிருந்த பாடல்களுக்கு, 2008-இல் வந்த ‘வேர்ல்ட் டூர்’ விளையாட்டின் முறைப்படி டிரம்ஸ், பேஸ் கிட்டார், குரல் ஆகிய பகுதிகளும் சேர்க்கப்பட்டன. இரண்டு காலாலும் பெரிய முரசை மிதிக்கத் தெரிந்த அசகாய சூரர்களுக்காக ‘எக்ஸ்பர்ட் பிளஸ்’ என்ற படியும் வந்தது. கிட்டார் பகுதியுங்கூட அப்படியே பெயர்த்து வைக்கப்படவில்லை. பட்டையைத் தட்டாமல் விரலை அழுத்தி மட்டுமே வாசிக்க வேண்டிய விரைவு ஸ்வரங்களில் முதல் விளையாட்டு மிகக் கறாராக இருந்தது. ஒரு மயிரிழை பிசகினாலும் தொடர் அறுந்துபோகும். பின்னாளைய விளையாட்டுகளின் தாராளம் இத்தொகுப்பிலும் அமைந்திருப்பதனால், அந்நாளில் விரல் நோக முயன்று தோற்றுப்போன இடங்கள் பல, இதில் இயல்பாகக் கைக்கு வசப்படுகின்றன.

பாடல் தேர்வைப் பற்றிப் பெரிய குறை சொல்வதற்கில்லை. ஒன்பது நிமிஷங்களுக்கு மேல் ஓடுகிற லினர்ட் ஸ்கினர்டின் ‘ஃப்ரீ பேர்ட்’ இருக்கிறது. மூன்றாவது விளையாட்டில் மிகக் கடினமான படியில் 3,722 ஸ்வரங்களைப் பொழிந்து, உலகெங்கும் இளைஞர்கள் தங்கள் சாமர்த்தியத்தை அளந்துகொள்ளும் உரைகல்லாக விளங்கிய டிராகன்ஃபோர்ஸின் ‘த்ரூ தி ஃபயர் அண்ட் ஃபிளேம்ஸ்’ இருக்கிறது. குவீன் குழுவின் ‘கில்லர் குவீன்’, டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ என்று, ராக் இசையில் அதிகப் பரிச்சயமில்லாதவரும் எங்கோ கேட்டிருக்கக்கூடிய உருப்படிகளும் உண்டு.

அப்படியிருந்தும் ஆட்சேபம் ஏன் எழுந்தது? விலையினால்தான். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகிய கன்சோல்களுக்கான தட்டு, அன்றைய புது விளையாட்டுகளின் முழு விலையான 60 டாலருக்கே விற்கப்பட்டது. கணக்குப் பார்த்தால் ஒரு பாட்டுக்கு ஒன்றேகால் டாலர். இணையத்தில் ஒரு பாட்டைத் தனியே வாங்குவதற்கு அக்காலத்தில் சுமார் 2 டாலர் ஆயிற்று என்பதால், இது மலிவு என்றுகூட வாதிக்கலாம். ஆனால் இணையத்தில் வாங்குகிறவன் தனக்கு வேண்டிய பாட்டை மட்டும் வாங்கி, கையிலுள்ள விளையாட்டோடு சேர்த்துக்கொள்கிறான். இங்கேயோ, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி விளையாடித் தீர்த்தவற்றையும் சேர்த்து மொத்தமாக வாங்கியாக வேண்டும். போட்டியான ‘ராக் பேண்ட்’ தன் முதல் விளையாட்டின் பாடல்களை, 5 டாலர் கட்டணத்தில் இரண்டாவது விளையாட்டுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்திருந்த நாளில், பழைய வாடிக்கையாளர்களிடம் முழு விலை கேட்டது பேராசையாகவே பட்டது. சில மாதங்களில் வந்த ‘கிட்டார் ஹீரோ 5’, இத்தொகுப்பின் ஒரு பகுதியைக் கட்டணம் பெற்றுக்கொண்டு ஏற்க முன்வந்தது. அதற்குள் வாங்கியவர்களின் மனக்கசப்பு முற்றிவிட்டது.

இத்தொகுப்பை 2009-ஆம் ஆண்டின் மற்ற வெளியீடுகளோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மார்ச்சில் மெட்டாலிகா குழுவுக்கென்று ஒரு தனி விளையாட்டு, ஜூனில் இந்தத் தொகுப்பு, செப்டம்பரில் ஐந்தாம் பாகம், நவம்பரில் ‘பேண்ட் ஹீரோ’, டிசம்பரில் வான் ஹேலன் குழுவுக்கென்று இன்னொன்று என்று ஒரே வருஷத்தில் கடைகளை நிரப்பினால், எத்தனை பற்றுள்ள ரசிகனுக்கும் திகட்டத்தான் செய்யும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது வியாபாரத்துக்கும் பொருந்தும். 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் தன் ‘கிட்டார் ஹீரோ’ பிரிவையே மூடிவிட்டது.

ஆனால் அன்று வாங்கியவனின் நியாயம் வேறு, இன்று வாங்குகிறவனின் நியாயம் வேறு. 2015-இல் அதே நிறுவனம் ‘கிட்டார் ஹீரோ லைவ்’ என்ற பெயரில் மறுபடி முயன்றபோது, தட்டில் 42 பாடல்களை வைத்து, எஞ்சிய நூற்றுக்கணக்கானவற்றை இணைய ஒளிபரப்பாகவே வழங்கியது. 2018 டிசம்பரில் அந்தச் சேவை நின்றதும், விளையாட்டின் பெரும்பகுதி வாங்கியவர்களின் கைவிட்டுப் போயிற்று. யாருடைய தயவையும் எதிர்பாராமல், எந்தச் சேவை மூடினாலும் குறையாமல், 48 பாடல்களையும் தன்னுள்ளேயே வைத்திருக்கிற இந்தப் பழைய தட்டு, அன்றைக்கு வீண்செலவு என்று ஒதுக்கப்பட்டதாயினும், இன்றைக்கு ஒரு பத்திரமான சொத்தாகவே தோன்றுகிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. முந்தைய விளையாட்டுகளை வைத்திருந்து, தனியே கிட்டார் மட்டும் வாசிக்கிறவர் இதை வாங்க வேண்டியதில்லை. அவற்றை வாங்காதவருக்கும், வீட்டில் டிரம்ஸும் மைக்கும் வைத்துக்கொண்டு நாலு பேராகக் கூடி விளையாடுகிறவருக்கும், வரிசையின் சாரம் முழுவதும் மூல ஒலியோடு ஒரே தட்டில் கிடைப்பதால், இதைவிடச் சிறந்த தேர்வு அரிது. ஆனால் தட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்படலாகாது. கிடைத்தற்கு அரியது தட்டு அல்ல, கிட்டார்தான். பிளேஸ்டேஷன் 3-க்கான கம்பியில்லாக் கிட்டார்கள், கன்சோலில் செருகும் அதனதன் சிறு ரிசீவர் இல்லாமல் வேலை செய்யா. பழைய சாமான் விற்கிறவர்கள் தொலைத்துவிட்டு நிற்பதும் பெரும்பாலும் அதைத்தான். வாங்கி வந்தபின், இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகள் படத்தைச் சற்றே தாமதித்துக் காட்டுவதனால், விளையாட்டின் அமைப்புகளுக்குள் சென்று ஒலியையும் படத்தையும் முதலில் ஒத்திசைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் வாசித்துவிட்டு, தாளம் தவறுவது தன் விரல்களினால்தான் என்று மனம் சோர்ந்து மூலையில் வைத்துவிட்டவர்கள் ஏராளம். கன்சோல் இருக்கிறதா, ரிசீவரோடு கிட்டார் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கடைசியாகத் தட்டுக்குக் காசை எண்ணிக் கொடுங்கள்.