செந்நாய்க்குப் பின்னால் ஒருவர், அழகருக்குப் பின்னால் ஒருவர்

ஆய்வேடுகளின் கதை – 7

சென்ற வாரம் வந்தவர் மு.வ. சங்க இலக்கியத்தில் இயற்கை எப்படிக் கையாளப்பட்டிருக்கிறது என்று ஆராய்ந்து, 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் கண்ட யானையும் மந்தியும் பாட்டுக்குள் இருந்தன. ஏட்டைப் புரட்டினால் போதும், செருப்புத் தேய வேண்டியதில்லை. இந்த வாரம் செருப்புத் தேய நடந்த இரண்டு பேர்.

இருவருமே திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். இருவருக்கும் கல்லூரியில் ஆசிரியர் வேலை. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகமும் ஒன்றுதான்: 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978-ல் காமராசர் பெயரைச் சேர்த்துக்கொண்ட அதே நிறுவனம். ஆனால் ஒருவர் எழுதியது செந்நாயைப் பற்றி. இன்னொருவர் எழுதியது கள்ளழகரைப் பற்றி.

முதலாமவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். 1945-ல் நாங்குநேரியில் பிறந்தவர். ஜிம் கார்பெட்டைப் படித்துக் காட்டின் மேல் பித்துப் பிடித்தவர். சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவர், 1976-ல் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுக்குள் போனார். 1978 வரை செந்நாய்க் கூட்டங்களின் பின்னால் அலைந்தார். இந்தியக் காட்டில் பெரிய பாலூட்டிகளை ஆராய்வது அப்போது பெரும்பாலும் வெளிநாட்டார் வேலை. கன்ஹாவில் புலியையும் மானையும் பார்த்து எழுதிய ஜார்ஜ் ஷேலர்தான் எல்லோருக்கும் முன்மாதிரி.

செந்நாய்க்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர் கிடையாது. இரையை உயிரோடிருக்கும்போதே கிழித்துத் தின்னும் என்பதால் வேட்டைக்காரர்கள் அதை அருவருத்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் செந்நாயைக் கொன்றவருக்குச் சன்மானமே உண்டு. புலிக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசிகூட இதற்குக் கிடைத்ததில்லை. கூட்டம் சிதறிப்போனால் விசில் அடிப்பதுபோல் குரல் கொடுத்து ஒன்று சேரும் என்பதும், வேட்டையிலிருந்து திரும்பும் பெரியவை வயிற்றிலிருந்த இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும் என்பதும் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தவை.

பார்க்க முடியாதபோது எச்சம்தான் கதி. செந்நாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டுப் பாதைகள் சந்திக்கும் இடங்களில் கூட்டமாக எச்சம் போடும். ஆய்வாளருக்கு அது புதையல். அதை அள்ளி வந்து, ஊற வைத்து, அலசி, காய வைத்தால் மிஞ்சுவது மயிரும் எலும்புத் துணுக்கும் குளம்பும். மயிரை நுண்ணோக்கியில் வைத்து, அதன் மேற்புறச் செதில்களையும் உள்ளே ஓடும் நடுத்தண்டையும் பார்த்தால் புள்ளிமானா, கடமானா, முயலா என்று சொல்லிவிடலாம். பந்திப்பூரின் செந்நாய்களுக்கு முதன்மையான இரை புள்ளிமான் என்பது இப்படித்தான் உறுதியானது. புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஒரே காட்டில் எப்படிப் பங்கு போட்டுப் பிழைக்கின்றன என்ற பெரிய கேள்விக்கும், நாற்றமடிக்கும் இந்த வேலைதான் வாசல்.

இரண்டாமவர் தொ. பரமசிவன். 1950-ல் பாளையங்கோட்டையில் பிறந்த தமிழாசிரியர். கோயிலைப் பற்றி ஆய்வு என்றால் கல்வெட்டு, தலபுராணம், சிற்பம் என்று போவதுதான் வழக்கமான தடம். அவற்றையும் அவர் விடவில்லை. ஆனால் மதுரைக்கு வடக்கேயுள்ள அழகர்கோயிலின் கதையைக் கேட்க அவர் போன இடங்கள் வேறு: கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் என்று அந்தக் கோயிலோடு உறவுள்ள மக்களின் ஊர்கள். சித்திரையில் அழகர் வையைக்கு இறங்கும்போது திரி எடுத்து ஆடுகிறவரும், துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவரும், சாட்டை அடித்து ஆடுகிறவரும் அவருக்குச் சாட்சிகள் ஆனார்கள். திருவிழாவில் பாடப்படும் வர்ணிப்புப் பாட்டுகளுக்கு ஆய்வேட்டில் தனி இடமே கொடுத்தார்.

அழகர் ஏன் மதுரைக்கு வருகிறார்? கோயிலில் கேட்டால், துர்வாசர் சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க வருகிறார் என்பார்கள். ஆற்றங்கரையில் விரிப்பு போட்டுப் படுத்திருக்கும் பாட்டியிடம் கேட்டால் கதையே வேறு. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குச் சீரோடு வந்தாராம். அதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டதாம். கோபத்தில் ஊருக்குள் நுழையாமல் வண்டியூர் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போய்விட்டாராம். முதல் கதை புராணத்தில் இருப்பது. இரண்டாவதுக்குக் கூட்டம்தான் ஏடு. தொ.ப. இரண்டாவதையும் சான்றாக எடுத்துக்கொண்டார். சைவக் கல்யாணமும் வைணவத் திருவிழாவும் எப்படி ஒன்றோடொன்று ஒட்டின, பெருமாள் ஏன் கொண்டையும் வளைதடியுமாகக் கள்ளர் கோலத்தில் கிளம்புகிறார் என்ற கேள்விகளுக்கு அந்த வழியில்தான் விடை தேட முடிந்தது.

வாசலில் நிற்கும் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு அங்கே சிலை கிடையாது. சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் பூசிக் கும்பிடுகிறார்கள். அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது, போட்டிருக்கும் நகைகளின் பட்டியலைக் கருப்பன் முன்னால் வாசிப்பார்கள்; திரும்பி வந்ததும் கணக்கு ஒப்பிக்க வேண்டும். பெருமாளே ஆனாலும் காவல்காரனுக்குக் கணக்குச் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். இந்தக் காட்சியைத் தாண்டிப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உள்ளூர்க் காவல் தெய்வத்துக்கும் பெருங்கோயிலுக்கும் உள்ள உறவு இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்தவர் தொ.ப.

இரண்டு ஆய்வேடுகளுமே அலமாரியில் தூங்கவில்லை. ‘அழகர் கோயில்’ என்ற பெயரில் தொ.ப.வின் ஆய்வைப் பல்கலைக்கழகமே 1989-ல் நூலாக்கியது. பண்பாட்டு ஆய்வுக்கு வருகிறவர்கள் இன்றும் முதலில் தேடும் புத்தகங்களில் அது ஒன்று. ஜான்சிங் 1985-ல் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்தார். தலைமுறை தலைமுறையாக மாணவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போனார். தொ.ப. 2020 டிசம்பரிலும், ஜான்சிங் 2024 ஜூனிலும் காலமானார்கள்.

அடுத்த வாரம் ராகி வயல். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலிருந்து யானைகளைப் பின்தொடர்ந்த ராமன் சுகுமார், அவை எத்தனை இரவு வயலில் இறங்குகின்றன என்று கணக்கெடுத்தார். வளர்ந்த ஆண் யானை ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள். பெண் யானைகள் நடத்தும் குடும்பக் கூட்டம் 8 இரவுகள்தான். வெடியும் தீப்பந்தமும் காத்திருக்கும் என்று தெரிந்தும் ஆண் யானை ஏன் இத்தனை தடவை வருகிறது?

(தொடரும்)