பிரெஞ்சு வினையும் ஒரு கூரைக்குறியும்

நிகழ்ந்ததைக் கூறாது, விரும்பியதையும் அஞ்சியதையும் ஐயுற்றதையும் கூறும் வினைப்பாங்கொன்று பிரெஞ்சு மொழியில் உண்டு. அதன் முன்னிறந்தகாலம் இலத்தீனில் ஒரே சொல்லாய் நின்றது. 'நேசித்திருப்பின்' எனப் பொருள்படும் 'அமாவிஸ்ஸெத்' என்னும் அச்சொல் பிரெஞ்சிலே 'எமா' எனத் தேய்ந்து, பொருளிலும் ஒரு படி இறங்கி, வெறும் இறந்தகாலமாயிற்று. இழந்த இடத்தை நிரப்ப, 'அவ்வார்' அல்லது 'ஏத்ர்' என்னும் துணைவினை அவ்வாறே தேய்ந்து பெற்ற வடிவத்தோடு முதல்வினையின் எச்சத்தைச் சேர்த்தனர். 'பேசு' என்பது முன்னதை ஏற்று 'யூ பார்லே' என்றும், 'வா' என்பது பின்னதை ஏற்று 'ஃபூ வெனூ' என்றும் படர்க்கை ஒருமையில் வரும்.

மாணாக்கர் இடர்ப்படுவது இங்கன்று. 'அவன் பேசி முடித்தபின்' என உண்மையில் நடந்ததைக் கூறும் வடிவமும் செவிக்கு 'யூ பார்லே' என்றே ஒலிக்கும். எழுத்தில் மட்டும், உயிரெழுத்தின் மேலிட்ட சிறு கூரைக்குறி இரண்டையும் பிரிக்கின்றது. மறைந்துபோன சகரத்தின் அடையாளமே அது. இன்று பேச்சில் இவ்வடிவம் வழங்குவதில்லை. ஆயினும் பழைய நூல்களைப் பயில்வோன் அக்கூரையைக் காணத் தவறின், நடவாத மணத்தை நடந்ததென்றே படித்துவிடுவான்.