பூனையின் கேடயச் சுரப்பி நோயும் பரிகாரமும்

முதுமையெய்திய பூனையொன்று முன்னையிலும் மிகுதியாக உண்டு, ஓரிடத்திற் கிடவாது குட்டிபோல் ஓடித் திரியுமாயின், வளர்ப்போர் அதனை நலத்தின் அறிகுறியெனக் கருதி மகிழ்வர். ஆயின், உண்டும் உடல் மெலிந்து, நீர்வேட்கை மிகுந்து, நெஞ்சத்துடிப்பும் விரையுமேல் அது நலமன்று; நோயென ஐயுறத்தக்கது.

கழுத்தில் மூச்சுக்குழலின் இருமருங்கும் அமைந்துள்ள கேடயச் சுரப்பி, தைரொட்சின் முதலிய ஓமோன்களைச் சுரந்து, உடல் உணவை எரித்துச் சத்தியாக்கும் வேகத்தை ஆளுகின்றது. அது தடித்து அளவுக்கு மீறிச் சுரக்கும்போது, உண்ட உணவு போதாது தசையுங் கரைகின்றது. பூனைகளில் இந்நோய் 1979 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகர விலங்கு மருத்துவர்களால் முதன்முதல் விளக்கப்பட்டது. பெரும்பாலும் பத்து வயதையடுத்தும் அதனைக் கடந்தும் தோன்றும் இத்தடிப்பு, புற்றுநோயாயிருத்தல் அரிது. ஆதலாற் பரிகாரம் பெரிதுங் கைகூடும்.

அப்பரிகாரம் நால்வகைப்படும். முதலாவது, மெதிமசோல் என்னும் மருந்து. இது சுரப்பை அடக்குமன்றித் தடிப்பை நீக்காது. ஆதலின் நாடோறுங் கொடுத்தல் வேண்டும். இரண்டாவது, அயடீன் மிகக் குறைந்த உணவு. பிறிதொன்றும் உண்ணாதிருந்தாலன்றி இது பயன்தராது; எலி பிடித்துண்ணும் பூனைக்கு இவ்விரதம் பொருந்தாது. மூன்றாவது, சத்திரசிகிச்சை. நான்காவது, கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் 131. அயடீனைத் தானே நாடியீர்ப்பது சுரப்பியின் இயல்பாதலால், ஒருமுறை ஊசிமூலம் ஏற்றப்பட்ட அயடீன் மிகையாகச் சுரக்குங் கலங்களையே பெரிதும் அழிக்கின்றது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பூனைகள் இதனாற் குணமடைகின்றன. இதன் அரைவாழ்வுக்காலம் 8 நாளாதலின், பூனையைச் சில நாள் மருத்துவ நிலையத்தில் தனித்து வைத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் நிலையான குணந்தரும் இதனையே உடனே கொள்ளலாமன்றோ எனின், ஆண்டு ஓர் இடருண்டு. மிகைச்சுரப்பு சிறுநீரகங்களுக்குக் குருதியை மிகுதியாகச் செலுத்துவதனால், முன்னரே அவற்றிலுள்ள பழுது மறைந்து கிடக்கும். சுரப்புத் தணிந்ததும் வெளிப்படும். எனவே மருத்துவர் பலர் முதலில் மெதிமசோலைக் கொடுத்து, சில வாரங்களிற் குருதியைச் சோதித்துச் சிறுநீரகத்தின் நிலையை அறிகின்றனர். மருந்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம். அழிந்த சுரப்பியை மீட்டல் இயலாது.

சிறுநீரகத்துக்கு அஞ்சி மிகைச்சுரப்பை விட்டுவைத்தலுந் தகாது. அஃது இதயத்தைக் கெடுக்கும். மிகையை அளவுக்குக் கொணர்தலே பரிகாரமாம்; அளவினுங் கீழே தாழ்த்துவது சிறுநீரகத்துக்கு மேலுந் தீங்காகும். ஆதலின் மனிதர்க்குரிய மாத்திரையைத் தாமே அளந்து கொடாது, குருதிச் சோதனையைத் துணைக்கொண்டு மருத்துவர் வழி நிற்றலே, தன் நோயைச் சொல்லறியா அவ்வுயிருக்கு நாம் செய்யத்தக்கது.