கொழும்பில் இறங்கி ஆடிவிட்டுப் போனவர்கள்: றக்பி டெஸ்ட் போட்டியில் ‘நாடு’ என்பது யார்?

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அன்ரி இருக்கிறார். றக்பி காலத்தில் கொடி கட்டிய வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு, பையன்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஹெவ்லொக் வீதிப் பக்கமிருந்து வரும். சத்தம் கேட்டதும் அவர் முன்கதவைச் சாத்திவிடுவார்.

“றகர் மெட்ச் முடிஞ்சிருக்குது அன்ரி, வேற ஒண்டுமில்லை” என்று ஒருமுறை சொன்னேன்.

“என்னவெண்டாலும் சாத்தி வைக்கிறது நல்லம்” என்றார். 83 ஜூலையில் அவருக்கு இருபது வயது. இதே ஒழுங்கையில்தான் இருந்தவர்.

எனக்கும் நீண்ட காலமாக றக்பி என்றால் அந்த ஹோர்ன் சத்தம்தான். கிரிக்கெட் எங்கள் வீடுகளுக்குள் வந்தது, எரிச்சலோடாவது பார்த்தோம். றக்பி பெரிய பாடசாலைகளின், மலையகத்துத் துரைமாரின், பொலிஸ் அணியின், படை அணிகளின் விளையாட்டாகவே தள்ளி நின்றது. அதன் சர்வதேசச் சுற்றுப்பயண வரலாற்றைத் தேடத் தொடங்கியது ஒரு செய்திக் குறிப்பு எழுதுவதற்காக. தேடினால், அந்த வரலாறு கொட்டாஞ்சேனையிலிருந்து பார்க்கக்கூடிய துறைமுகத்துக்குள்ளும் வந்துபோயிருக்கிறது.

முதலில் செய்தி. 2026 ஜூலையில் ‘நேஷன்ஸ் சம்பியன்ஷிப்’ என்ற புதிய போட்டித் தொடர் ஆரம்பிக்கிறது. வட அரைக்கோளத்தின் ஆறு அணிகள்: இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், பிரான்ஸ், இத்தாலி. மறுபக்கம் நியூஸிலாந்து, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, ஆர்ஜென்டீனா ஆகியவற்றுடன் பீஜியும் ஜப்பானும். (ஜப்பான் எப்படித் தென் அரைக்கோளமானது என்று கேட்காதீர்கள், றக்பியில் பூகோளம் கொஞ்சம் வளையும்.) ஜூலையில் வடக்கு அணிகள் பயணம் செய்து மூன்று போட்டிகள் ஆடும். நவம்பரில் மற்றவர்கள் வடக்கே வந்து மூன்று ஆடுவார்கள். மாதக் கடைசியில் லண்டனில் இறுதிச் சுற்று.

ஜூலையும் நவம்பரும் ஏன்? றக்பி குளிர்காலத்து விளையாட்டு. ஐரோப்பாவில் பருவம் செப்டெம்பரில் தொடங்கி மே, ஜூன் வரை போகும். அது முடிகிற நேரம் தெற்கே குளிர்காலம் நடக்கும். வடக்கு அணிகள் அங்கே போகலாம். தெற்கில் பருவம் முடிந்ததும் அவர்கள் வடக்கே வரலாம். 1888இல் பிரித்தானியாவிலிருந்து ஓர் அணி முதன்முதலாக நியூஸிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிய நாளிலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை. இரு பாதிகளுக்குமிடையிலான போட்டி இவ்வளவு சூடானது ஏன் என்பதற்கு ஓர் எண்ணிக்கை போதும்: 1987 முதல் 2023 வரை நடந்த 10 உலகக் கிண்ணங்களில் 9 தெற்குக்குப் போயின. 2003இல் இங்கிலாந்து வென்ற ஒன்றுதான் விதிவிலக்கு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கிரிக்கெட்டில் டெஸ்ட் என்றால் ஐந்து நாள். றக்பியில் டெஸ்டும் 80 நிமிடம்தான். ஒரு நாட்டின் முழுத் தேசிய அணி ஆடுகிற போட்டி என்பதே அதன் பொருள். எந்தப் போட்டியை அப்படிக் கணக்கில் எடுப்பது என்பதை அந்தந்த நாட்டுச் சங்கம் தீர்மானிக்கும். ஆகவே ஒரே ஆட்டம் ஒரு தரப்புக்கு டெஸ்ட், மறு தரப்புக்குப் பயிற்சி ஆட்டம் என்று பதிவாகலாம். எதிரில் நிற்பவரை ‘நாடு’ என்று ஏற்கிறோமா இல்லையா என்பது அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. எங்களுக்கு இது புதிய விடயமில்லை.

இனித் துறைமுகம். 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. 1885இல் கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்பு அணை கட்டி முடிந்தது. அதன்பின் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் ஓடிய கப்பல்கள் பல நிலக்கரியும் தண்ணீரும் ஏற்ற இங்கே நின்றன. விளையாட்டு அணிகள் வந்த கப்பலும் நின்றது. பிரட்மன் 1930இலும் 1948இலும் கொழும்பில் துடுப்பெடுத்தாடியது இப்படித்தான் என்பது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரியும். றக்பிக்காரர்களும் இறங்கினார்கள். 1907இல் பிரித்தானியாவுக்குப் போய்க்கொண்டிருந்த நியூஸிலாந்தின் ‘ஓல் கோல்ட்ஸ்’ அணி இலங்கை அணியை 33–6 என்று வென்றது. 1930இல் நாடு திரும்பும் வழியில் பிரித்தானிய அணி 45–0 என்று வென்றது. 1950இல் மீண்டும் அவர்கள் வந்தார்கள். ‘லயன்ஸ்’ என்று எல்லோரும் அழைக்கத் தொடங்கியிருந்த, முதன்முதலாகச் சிவப்பு ஜேர்சி அணிந்த அணி அது. (சிங்கம் என்றதும் எங்களுக்கு வேறொரு கொடி ஞாபகம் வரும், இது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்த அணி.) 44–6.

கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்துக்குக் கிட்ட வசிக்கும், துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருடைய அப்பா இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து துறைமுகத்தில் கரி சுமந்தவர்.

“கப்பல் வந்தா வேலை தம்பி, வராட்டிப் பட்டினி. யாரு எறங்கினாங்க, என்ன வெளையாடினாங்கன்னு அப்பா பாத்திருக்க மாட்டாரு. கண்ணுக்குள்ள எல்லாம் கரி” என்றார். பிறகு, “எத்தனைன்னு சொன்னீங்க?” என்று கேட்டார். 44க்கு 6 என்றேன். “ஆறு எடுத்தாங்களே” என்று சிரித்தார்.

அந்த 6 புள்ளிகளை எடுத்த அணிக்கு ‘இலங்கை’ என்று பெயர். இங்கேதான் நான் நின்றுவிட்டேன். அந்தக் காலத்து றக்பிக் கழகங்கள் பலவும் தோட்டத்துரைமாரின் கழகங்கள். திக்கோயா, திம்புள்ள, ஊவா, களனிப் பள்ளத்தாக்கு என்று தேயிலையும் இறப்பரும் விளைந்த இடங்களின் பெயர்களே அவற்றுக்கும். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று சிஆர் அன்ட் எப்சி கழகத்தைத் தொடங்கியது 1922இல்தான். இலங்கைக்காக ஆடுவதற்கு இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டியதில்லை. இங்கே தொழில் பார்க்கும் பிரித்தானியத் துரையும் ஆடலாம், ஆடினார்கள்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டமோ, துரைமாரின் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களிடம் வேறு கேள்வி கேட்டது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு. இல்லையேல் தகப்பன்வழிப் பேரன், பூட்டன் இருவரும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயன் அறைகளிலிருந்து யார் காட்டுவது? ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த 44–6. துரை ‘இலங்கை’யாக ஆடலாம், அவருடைய தோட்டத்துத் தொழிலாளி இலங்கையர் ஆக முடியாது. லயன் என்ற ஒரே சொல் அந்த வருடம் இரண்டு இடங்களில் இருந்தது.

இன்றைய றக்பி விதி இதைவிட இளகியது. ஒரு நாட்டுக்காக ஆட, அங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது தாய், தகப்பன், தாத்தா, பாட்டி இவர்களில் ஒருவராவது பிறந்திருக்க வேண்டும்; அல்லது தொடர்ந்து 5 வருடம் வசித்திருக்க வேண்டும். இதன்படி லண்டனில் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை இங்கிலாந்துக்கு ஆடலாம். அம்மம்மா பிறந்தது உரும்பிராய் என்றால் இலங்கைக்கும் ஆடத் தகுதி உண்டு. ஓடிப்போனவர்களின் பேரப்பிள்ளைகளை றக்பிச் சட்டம் இந்த நாட்டுக்காரர் என்று தயங்காமல் ஏற்கிறது.

அந்த 5 வருட விதியை வாசித்தபோது 2007 ஜூன் ஞாபகம் வந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் ‘கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை’ என்று பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது. நானும் அம்மாவும் அதற்கு முதல் வாரம்வரை அப்படியொரு லொட்ஜில்தான் இருந்தோம். மாமா வீட்டில் ஓர் அறை காலியானதால் மாறியிருந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சுற்றுப்பயணங்களின் இன்னொரு முகம் தென்னாபிரிக்கா. அதற்கும் கொழும்பிலிருந்தே ஒரு நூல் ஓடுகிறது. 1955இல் நியூஸிலாந்தின் இளையோர் அணியொன்று, வழியில் தரித்து நிற்காமல், இலங்கைக்கென்றே சுற்றுப்பயணம் வந்தது. அதில் 19 வயதுக் கொலின் மீட்ஸ் இருந்தார். பின்னாளில் நியூஸிலாந்து றக்பியின் மிகப்பெரிய பெயர். அதே மீட்ஸ் 1986இல், நிறவெறி அரசு இன்னும் ஆட்சியில் இருந்தபோது, சங்கத்தின் அனுமதியில்லாமல் தென்னாபிரிக்கா சென்ற ‘கவலியர்ஸ்’ அணியின் பயிற்றுநராகப் போனார்.

நியூஸிலாந்து இந்தக் கேள்வியில் பலகாலம் புரண்டது. 1960இல் தென்னாபிரிக்காவின் விருப்பத்துக்கேற்ப மவோரி வீரர்களை விட்டுவிட்டே அணியை அனுப்பியது. 1970இல் மவோரிகள் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற பெயரில் உள்ளே விடப்பட்டார்கள். 1981இல் தென்னாபிரிக்க அணி நியூஸிலாந்து வந்தபோது நாடு இரண்டாகப் பிளந்தது. அணித்தலைவர் கிரஹம் மௌரி ஆட மறுத்துவிட்டார். ஜூலை 25இல் ஹமில்டனில் நூற்றுக்கணக்கானோர் வேலியைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி நின்றார்கள், போட்டி கைவிடப்பட்டது. கடைசி டெஸ்டின்போது சிறு விமானம் ஒன்று மைதானத்தின் மேல் மாப் பொதிகளை வீசியது.

ஹமில்டன் அன்று எங்கள் நூலகம் எரிந்து எட்டு வாரம்கூட ஆகவில்லை. சரியாக இரண்டு வருடம் கழித்து அதே ஜூலை 25இல் வெலிக்கடைச் சிறையில் முதல் கொலைகள். இடையில், 1982இல், இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் ஓர் அணியாக இரகசியமாகத் தென்னாபிரிக்கா போனார்கள். நிறவெறிக்குத் துணைபோனார்கள் என்று இலங்கை கிரிக்கெட் சபை அவர்களுக்கு 25 வருடத் தடை விதித்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தூரத்து அநீதியை அவ்வளவு தெளிவாகக் கண்ட நாடு அடுத்த ஜூலையில் வெள்ளவத்தையில் என்ன செய்தது என்பதை அன்ரியிடம் கேட்கலாம்.

‘விளையாட்டையும் அரசியலையும் கலக்காதீர்கள்’ என்ற வசனம் 2009க்குப் பிறகு எங்களுக்கு அடிக்கடி கிடைத்தது. அவுஸ்திரேலியாவில் விளையாட்டுப் பத்திரிகையாளர் ட்ரெவர் கிரான்ட் போன்றோர் இலங்கைக் கிரிக்கெட்டைப் புறக்கணிக்கக் கேட்டபோதும் அதுவே பதில். புறக்கணிப்பு பலன் தருமா என்பதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை. தென்னாபிரிக்காவில் அதற்கு ஐ.நா.வின் தீர்மானங்கள், பொதுநலவாயத்தின் 1977 கிளெனீகிள்ஸ் உடன்பாடு, ஆபிரிக்க நாடுகளின் அழுத்தம் என்று பெரிய முதுகெலும்பு இருந்தது. எங்கள் கோரிக்கைக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. ஆனால் கலக்கக்கூடாது என்பவர்கள் பழைய ஸ்கோர் அட்டைகளைப் பார்க்க வேண்டும். ‘இலங்கை’ என்ற பெயரில் யார் ஆடலாம் என்று தீர்மானித்த அன்றே கலந்தாயிற்று.

கொழும்பு இந்தக் கதையிலிருந்து விழுந்தது எளிய காரணத்தால்தான். இரு வழியும் கப்பலில் போன கடைசி லயன்ஸ் அணி 1950இன் அணி. 1955இல் அவர்கள் தென்னாபிரிக்காவுக்கு விமானத்தில் போனார்கள். வழி இல்லாமல் போனதும் வழியில் இருந்த ஊருக்கு வேலை இல்லை.

இன்றும் அப்படியே. புதிய தொடரின் பன்னிரண்டு அணிகளுக்குள் 2030 வரை வேறெவரும் நுழைய முடியாது. தொலைக்காட்சி உரிமைப் பணம் அந்தப் பன்னிரண்டையே சுற்றும். 2025இல் ஆசியாவின் உயர்மட்டத் தொடரில் ஆடிய நான்கு அணிகளில் இலங்கையும் ஒன்று. உலகக் கிண்ணத் தகுதி ஹொங்கொங்குக்குப் போனது. அதற்கு இரண்டு வருடம் முன்னர், அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி உலக றக்பி அமைப்பு இலங்கையின் உறுப்புரிமையையே இடைநிறுத்தியிருந்தது.

பார்க்க விரும்புவோருக்கு நேரக் கணக்கு: ஜூலையில் நியூஸிலாந்தில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் போட்டி இலங்கையில் பகல் 12.30. நவம்பரில் லண்டனில் பிற்பகல் 3 மணி என்றால் இங்கே இரவு 8.30. அன்ரியையும் கூப்பிட்டிருக்கிறேன்.

“பகல் எண்டால் வாறன்” என்றார். “இரவெண்டால் சத்தத்தைக் குறைச்சு வையும்.”