மண் கார், தார் கார்

1959 ஜூலையில் அமெரிக்காவின் லைம் ராக் தடத்தில் ஆஸ்டன் மார்ட்டின், மசராட்டி எல்லாம் கலந்துகொண்ட பந்தயத்துக்கு ராட்ஜர் வார்ட் ஒரு மிட்ஜெட்டைக் கொண்டுவந்தார். சக்கரங்களுக்கு மூடி கிடையாது. மண் மைதானத்தில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடுவதற்கென்று செய்த குட்டிக் கார். லைம் ராக்கோ தார்த் தடம், ஒரே ஒரு வளைவு தவிர மற்றதெல்லாம் வலப்பக்கம். வார்டே ஜெயித்தார். அந்தத் தெம்பில் டிசம்பரில் செப்ரிங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கும் மிட்ஜெட்டோடு போனார். ஸ்டிர்லிங் மாஸ் மூன்று நிமிடத்தில் முடித்த சுற்றுக்கு இவருக்கு 43 விநாடி கூடுதலாக ஆனது. புறப்படும் வரிசையில் கடைசி இடம்!

செப்ரிங்கை விடுங்கள். மண் காரைத் தாரில் இறக்குவது அன்றைக்கு யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. 1933-ல் சாக்ரமென்டோவின் ஹியூஸ் ஸ்டேடியத்தில் தொடங்கிய மிட்ஜெட் பந்தயம் மண், தார், மரப்பலகை என்று கிடைத்த தளத்திலெல்லாம் ஓடியது. டயரையும் கியரையும் மாற்றினால் அதே கார் அடுத்த ஊருக்கு ரெடி.

மண் காரும் தார் காரும் பாதை பிரியும் என்பதற்கு 1952 இண்டியானாபோலிஸ் 500-லேயே அறிகுறி தெரிந்தது. ஃபிராங்க் கர்டிஸ் தாழ்வாகக் கட்டிய ரோட்ஸ்டரில் பில் வுகோவிச் முன்னணியில் பறந்தார். பத்துச் சுற்றுகூட மிச்சமில்லாதபோது ஸ்டீயரிங் கைவிட்டது. ஜெயித்தவர் 22 வயது டிராய் ரட்மன், மண் தடத்துக்கே உரிய நெட்டைக் காரில். அந்த ரகக் கார் அங்கே வென்றது அதுவே கடைசி. அடுத்த இரண்டு ஆண்டுகளும் வுகோவிச்சுக்கே.

இன்றைய மிட்ஜெட்டுக்கு எடை சுமார் 400 கிலோ, சக்தி 350 குதிரைத்திறனுக்கு மேல். மண்ணில் பிடிப்பைத் தேடிப்பிடிக்க வேண்டும். அதனால் எஞ்சினும் ஓட்டுநரும் உயரத்தில் உட்காருவார்கள். வளைவில் கார் சாய்ந்து, பாரம் வலது பின் டயரை மண்ணில் அழுத்தும். கார் பக்கவாட்டில் வழுக்க, ஓட்டுநர் இடது வளைவில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பிடித்திருப்பார். தாரில் பிடிப்புக்குப் பஞ்சமில்லை. அங்கே அதே சாய்வு வலப்பக்க டயர்களை வறுத்தெடுத்துவிடும்.

ஆக, மண் காரைத் தாருக்குத் தயார்செய்பவர் முதலில் அதை உட்காரவைக்கிறார். தரையோடு ஒட்டும்படி இறக்கி, ஸ்பிரிங்குகளைக் கடினமாக்கி, வழுவழுப்பான அகல டயர் போட்டு, மட்டம் பார்த்த தரையில் நான்கு சக்கரத்துக்கடியிலும் தலா ஒரு தராசை வைக்கிறார். பாரம் இடப்பக்கம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. மண்ணில் வழுக்கலே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின் அச்சில் ஒன்றும் இடது முன்சக்கரத்தில் ஒன்றுமாக பிரேக் போதும்; தாரில் அது காணாது. டயரின் சுற்றளவை அளக்கும் டேப் மட்டும் இரண்டு இடத்திலும் வேலைசெய்கிறது. பின் அச்சில் டிஃபரென்ஷியல் கிடையாது, இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும். ஆகவே வலது டயரின் சுற்றளவு இடதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் கார் தானாக இடப்பக்கம் திரும்பும்.

கழற்றி மாட்டக்கூடியது எல்லாம் மாறிவிடும். எஞ்சின் தாங்கிகள் சட்டத்தோடு வெல்டிங் செய்தவை. அந்த உயரம் மாறாது. தாருக்கென்றே கட்டிய காரில் எஞ்சின் தாழ்வாக, இடப்பக்கம் ஒதுங்கி இருக்கும். அதோடு போட்டிபோட மாற்றிய காரால் முடியாது என்பதே என் எண்ணம். செலவு மிச்சம் என்று மாற்றியவர்கள் பாதிப் பணத்தில் நடுவரிசையை வாங்குகிறார்கள்.

இரண்டு கார் வைத்துக்கொள்ளும் வசதி எத்தனை பேருக்கு உண்டு? அமெரிக்காவில் பந்தயங்களை நடத்தும் 'யூசாக்' அமைப்பின், மிட்ஜெட்டுக்கு அண்ணன்போன்ற ஸ்பிரிண்ட் கார்களுக்கான தேசியத் தொடர் 2010-களில் மண்ணோடு நின்றுகொண்டது. அதன் சில்வர் கிரவுன் தொடர் மட்டும் இரண்டு தளத்திலும் நடக்கிறது. இண்டியானாவின் ஆண்டர்சனில் கால் மைல் தார்த் தடத்தை 33 ஸ்பிரிண்ட் கார்கள் 500 முறை சுற்றும் 'லிட்டில் 500' இன்றும் உண்டு. மண்ணில் பேர் வாங்கிய ஓட்டுநர்கள் சிலர் அதற்கும் வருகிறார்கள், தார்க் கார் வைத்திருக்கும் முதலாளி யாராவது இடம் கொடுத்தால்.